ஒரு ரவை, ஒரு பேணி



.22 துவக்குக்குப் போர்க்கள உடுப்புப் போட்டு விற்கிற காலம் இது. கடைக்குப் போனால் கறுப்புப் பிளாஸ்ரிக், நீட்டிச் சுருக்கும் தோள்கட்டை, குழலைச் சுற்றித் துளை போட்ட உறை, துவக்கின் விலையைவிடக் கூடிய விலையில் மேலே ஒரு தொலைநோக்கி. உள்ளே போவது என்னவோ அதே சின்ன ரவைதான். அதன் முனையில் இருப்பது 40 கிரெய்ன் ஈயம், இரண்டரைக் கிராமுக்குக் கொஞ்சம் மேலே. அந்தச் சின்ன ரவை தருகிற சுகத்தை இந்த உடுப்பெல்லாம் மூடி மறைக்கிறது. எனக்கு இது பொறுக்கவில்லை. அதைத்தான் இன்றைக்குக் கதைக்கப் போகிறேன்.

அனுமதிப்பத்திரம் எப்படி எடுப்பது, பாதுகாப்பு வகுப்பில் என்ன படிப்பிப்பார்கள், வீட்டில் எப்படிப் பூட்டி வைப்பது என்பதெல்லாம் உங்களில் பலர் கேட்டு அறிந்தவை. அதற்குள் நான் திரும்பப் போகவில்லை. .22 ரவையின் ரிம்ஃபயர் அமைப்பைப் பற்றி மட்டும் ஒரு சொல்.

கோதின் அடிவிளிம்பு உள்ளே பொள்ளலாக மடிந்திருக்கும். தீ மூட்டுகிற மருந்து அந்த மடிப்புக்குள்ளே இருக்கிறது. துவக்கின் ஊசி விளிம்பை நசுக்கினால் ரவை வெடிக்கும். விளிம்பு நசுங்க வேண்டுமென்றால் கோது மெல்லியதாக இருக்க வேண்டும். கோது மெல்லியதென்றால் உள்ளே அழுத்தத்தைக் கூட்ட முடியாது. அழுத்தம் குறைந்தால் வேகம் குறையும், சத்தம் குறையும், தோளில் உதைப்பு இல்லாமலே போகும். ரவையும் மலிவாகக் கிடைக்கும். வேட்டைக்காரன் பெலவீனம் என்று தள்ளுகிற அந்த மெல்லிய கோதிலிருந்துதான் எங்கள் சந்தோசம் முழுவதும் வருகிறது. பிரான்சில் ஃபுளோபேர் என்பவர் 1845இல் இந்த வகை ரவையைச் செய்ததே வீட்டுக்குள் இருந்து இலக்குக்குச் சுடுவதற்காகத்தான். இன்று நாங்கள் வாங்குகிற .22 லோங் ரைஃபிள் 1887இல் அமெரிக்காவின் ஸ்ரீவன்ஸ் கம்பனி கொண்டு வந்தது. நூற்றைம்பது வருடத்தை நெருங்குகிறது, அளவு மாறவில்லை. மாற்றத் தேவை வரவில்லை.

சரி, என் துவக்குக்கு வருகிறேன்.

ஒன்ராறியோவின் 401 நெடுஞ்சாலையில் கிங்ஸ்ரன் பக்கம் போகிற நேயர்கள் கோபேர்க் என்ற பெயர்ப்பலகையைக் கண்டிருப்பீர்கள். ரொறொன்ரோவிலிருந்து ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடிய ஓட்டம். அந்த ஊரில்தான் கூயி துவக்குகள் செய்தார்கள். ஹேர்பேர்ட் கூயி 1903இல் ரொறொன்ரோவில் ஒரு சின்ன இயந்திரப் பட்டறையாகத் தொடங்கி, 1929இல் கோபேர்க்குக்குப் போனார். 1961இல் வின்செஸ்ரர் உரிமையாளர்கள் அந்தத் தொழிற்சாலையை வாங்கும் வரைக்கும் கனடாவின் பண்ணை வீடுகளுக்குப் போன .22களில் பல அவர் செய்தவைதான். இரண்டாம் உலகப் போரில் கனடியப் படையினர் குறி பழகுவதற்கென்றே கூயி 82 என்று ஒன்று செய்தார்கள். அதுவும் ஒற்றை ரவைத் துவக்குத்தான்.

என்னிடம் இருப்பது கூயி 39. ஒற்றை ரவை. ரவைக்கூடு கிடையாது. போல்ற்றைத் திறந்து, ஒரு ரவையை விரலால் உள்ளே தள்ளி, போல்ற்றை மூட வேண்டும். மூடினாலும் அது சுடாது. போல்ற்றின் பின்பக்கத்தில் ஒரு குமிழ் இருக்கிறது. அதை இரண்டு விரலால் பிடித்துப் பின்னுக்கு இழுத்தால்தான் துவக்கு ஆயத்தமாகும். இழுக்காவிட்டால் விசையை எவ்வளவு அழுத்தினாலும் ஒன்றும் நடக்காது. இதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு சூட்டுக்கும் முன்னால் நீங்கள் கையால் ஒரு தீர்மானம் எடுக்க வேண்டியிருக்கிறது. மறந்தாற்போல் சுட முடியாது. அவசரத்தில் சுட முடியாது. குமிழை இழுத்தேனா இல்லையா என்று கண்ணாலே பார்க்கலாம், பக்கத்தில் நிற்பவரும் பார்க்கலாம். பிள்ளைகளுக்குப் பழக்க இதைவிடப் பாதுகாப்பான அமைப்பை நான் காணவில்லை. கனடாவில் பன்னிரண்டு வயதிலிருந்து பதினேழு வயது வரையுள்ளவர்களுக்குத் தனியாக ஓர் அனுமதிப்பத்திரம் உண்டு. அதை எடுக்கிற பிள்ளையின் கையில் முதலில் கொடுக்க வேண்டியது இப்படி ஒரு துவக்கைத்தான்.

இதை நான் ஒரு பண்ணைக்காரரிடம் வாங்கினேன். அவருடைய தகப்பனார் களஞ்சியத்தில் மர நாய்க்கும் எலிக்கும் வைத்திருந்தது. மரக்கட்டையில் கன்னம் படுகிற இடம் மட்டும் பளபளவென்று இருக்கும், மற்ற இடமெல்லாம் கீறல். தொடர் இலக்கமே இல்லை. அந்தக் காலத்துக் கூயிகள் பலவற்றில் இலக்கம் அடிப்பதில்லை. நீண்ட துவக்குகளுக்குப் பதிவேடு இருந்த காலத்தில் இப்படிப்பட்டவைக்கு அரசாங்கமே ஓர் ஒட்டுத் துண்டில் இலக்கம் அனுப்பியது. 2012இல் அந்தப் பதிவேட்டை எடுத்துவிட்டார்கள். என்னுடையதில் அந்த ஒட்டுத் துண்டின் பசை அடையாளம் இன்னும் இருக்கிறது. பழைய பொருள் ஒன்றின் உடம்பிலே நாட்டின் சரித்திரம் இப்படியும் ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

ஒரு ரவை, ஒரு பேணி. இதுதான் என் முறை. இருபத்தைந்து யார் தூரத்தில், மண்மேட்டுக்கு முன்னால் ஒரு வெறும் மீன் பேணி. நின்றபடி, எதிலும் சாயாமல், இரும்புக் குறியால். விழுந்தால் நடந்து போய் நிமிர்த்தி வைக்கலாம். விழாவிட்டால் ஏன் விழவில்லை என்று யோசிக்கலாம். அந்த யோசிக்கிற நேரம்தான் இந்தக் கலை. இருபத்தைந்து ரவை ரவைக்கூட்டில் இருந்தால் யோசிக்க மாட்டீர்கள். அடுத்ததைச் சுடுவீர்கள், பிறகு அதற்கடுத்ததை. பெட்டி முடிந்துவிடும். என்ன பிழை என்று தெரியாமலே வீட்டுக்குப் போவீர்கள். திரும்பவும் சொல்கிறேன்: ஒரு ரவை, ஒரு பேணி.

இந்த இடத்தில் என் மனதுக்கு நெருக்கமான ஒருவரைப் பற்றிக் கொஞ்சம் நீட்டியே சொல்லப் போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

1956ஆம் ஆண்டு, மெல்பேர்ன் ஒலிம்பிக். .22 துவக்கால் படுத்தபடி சுடும் போட்டி. எங்கள் ஒன்ராறியோவின் விண்ட்சர் நகரத்திலிருந்து ஜெரால்ட் வெலெற் என்ற இளைஞர் போயிருந்தார். இருபத்திரண்டு வயது. அவருடைய அணித்தோழர் கில் போவா, அவரும் பெரிய சூட்டாளர். வெலெற் அன்றைக்குச் சுட்டது தன் துவக்கால் அல்ல. போவாவின் துவக்கை வாங்கிச் சுட்டார். அறுபது சூடு. அறுபதும் பத்து. அறுநூற்றுக்கு அறுநூறு. ஒன்றுகூடக் குறையவில்லை. தங்கம் வெலெற்றுக்கு. துவக்கைக் கொடுத்த போவாவுக்கு வெண்கலம்.

ஒலிம்பிக் மேடை, இரவல் துவக்கு, அறுநூற்றுக்கு அறுநூறு. துவக்கை மாற்றினால் புள்ளி கூடும் என்று கடைக்கு ஓடுகிறவர்களிடம் நான் எப்போதும் சொல்வது இந்தக் கதையைத்தான். இன்னொருவரின் துவக்கு, இன்னொருவரின் தோளுக்கு ஏற்ற நீளம், இன்னொருவரின் விரலுக்குப் பழகிய விசை. அதற்குள்ளே தன்னைப் பொருத்திக்கொள்ள வெலெற்றால் முடிந்தது. காரணம், அவர் பழகி வைத்திருந்தது துவக்கை அல்ல. மூச்சையும் கண்ணையும் விரலையும் பழக்கி வைத்திருந்தார். அவை துவக்கு மாறினாலும் மாறாதவை.

பிறகு நடந்தது எனக்கு இன்னும் மனதை உறுத்தும். சுடுகளத்தை அளந்து பார்த்தால் இருக்க வேண்டிய ஐம்பது மீற்றர் இல்லை, ஏறக்குறைய ஒன்றரை மீற்றர் குறைவு. அதனால் அந்த அறுநூறை உலக சாதனையாக ஏற்கவில்லை. பதக்கம் பதக்கம்தான், அதில் மாற்றமில்லை. எல்லாரும் சுட்டது அதே தூரத்துக்கு, ஆனால் அறுபதிலும் பத்து எடுத்தவர் ஒருவர்தான். ஒன்றரை மீற்றரை வைத்து அந்த அறுபது சூட்டையும் குறைத்து மதிக்க என்னால் முடியாது. இன்றைய ஐம்பது மீற்றர் இலக்கில் பத்தின் வட்டம் 10.4 மில்லிமீற்றர். உங்கள் சுட்டுவிரல் நகத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். அதை ஐம்பது மீற்றரில் வைத்து இரும்புக் குறியால் பாருங்கள். நான் முயன்றிருக்கிறேன். வெலெற் மீது எனக்குள்ள மரியாதை அன்றைக்கு இன்னும் பெருத்தது.

எதிர்ப்பக்கத்துக்கும் ஓர் ஆள் இருக்கிறார், சொல்லாமல் விட முடியாது. ரெக்சாசைச் சேர்ந்த அட் ரொப்பர்வைன் 1907இல் சான் அன்ரோனியோவில் ஆகாயத்தில் எறிந்த மரக்கட்டைகளைத் அரைத் தானியங்கி .22ஆல் பத்து நாள் சுட்டார். 72,500 கட்டைகளில் ஒன்பது மட்டும் தப்பின. அவருடைய மனைவி பிளிங்கியும் புகழ்பெற்ற சூட்டாளர். பெரிய வித்தை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது மேடை. நான் கதைப்பது மேடையில்லாத சூட்டை. என் நெஞ்சு வெலெற்றின் பக்கம்தான்.

இனிக் கைப்பழக்கம். முன்குறியைப் பாருங்கள். பேணியைப் பார்க்காதீர்கள். மனிதக் கண்ணால் பின்குறி, முன்குறி, பேணி மூன்றையும் ஒரே நேரத்தில் தெளிவாகப் பார்க்க முடியாது. பேணி மங்கட்டும். பின்குறியும் கொஞ்சம் மங்கட்டும். முன்குறி மட்டும் ஊசிபோல் நிற்க வேண்டும். தூரத்துப் பேணியைத் தெளிவாகப் பார்க்கிற ஆசை எல்லாருக்கும் வரும், அந்த ஆசைதான் சூட்டைக் கெடுக்கிறது. தொலைநோக்கி போட்டால் இந்தச் சிக்கலே இல்லை என்பார்கள். உண்மை. கண் பார்வை குறைந்தவர்கள் போடத்தான் வேண்டும். ஆனால் முப்பது வயதுப் பிள்ளை இரும்புக் குறியை ஒருநாளும் பழகாமல் தொலைநோக்கியில் தொடங்குவது எனக்குச் சம்மதமில்லை.

அடுத்தது, விசையை அழுத்திய பிறகும் அப்படியே நில்லுங்கள். .22 சன்னம் மெதுவானது. பெரிய துவக்கின் சன்னத்தைவிட அது குழலுக்குள்ளே கூடுதல் நேரம் நிற்கும். விசையை அழுத்திய உடனே தலையைத் தூக்கி விழுந்ததா என்று பார்க்கிற பழக்கம் உள்ளவரின் குழல், சன்னம் வெளியே வருமுன்பே அசையத் தொடங்கிவிடும். சுட்டபின் ஒரு மூச்சு நேரம் நில்லுங்கள். சுட்டபின் நில்லுங்கள். இந்த ஒன்றைப் பழகினாலே பேணி விழத் தொடங்கும்.

மூன்றாவது, உடம்பு துணுக்குறுவது. இதைக் கொஞ்சம் ஆறுதலாகச் சொல்ல வேண்டும்.

போரைக் கண்டு வந்த எங்கள் தமிழ்ச் சமூகத்தில் இந்தப் பொழுதுபோக்கைச் சொன்னால் முதலில் வருகிற கேள்வி எனக்குத் தெரியும். ஒரு கலியாண வீட்டில் வயதான அம்மா ஒருவர் என் கையைப் பிடித்துக் கேட்டார்: "தம்பி, அங்கை கேட்டது காணாதே? இங்கையும் வந்து உதைத்தான் கேக்கிறியளோ?" அவருடைய கண் கலங்கியிருந்தது. அந்தக் கேள்வியை நான் இலேசாக எடுக்கவில்லை, இன்றும் எடுக்க மாட்டேன். துவக்கின் சத்தத்தோடு எங்களுக்கு இருக்கிற தொடர்பு இந்த நாட்டில் பிறந்த ஒருவருக்கு இருக்கிற தொடர்பு அல்ல. சிலருக்கு இது வேண்டவே வேண்டாம். அது சரியான தீர்மானம், அதை யாரும் மாற்ற முயலக் கூடாது.

ஆனால் இன்னொரு விதமான ஆளும் இருக்கிறார். என் சிநேகிதர் ஒருவர் சும்மா பார்க்கத்தான் வந்தார். காருக்குப் பக்கத்தில் தூரத்திலேயே நின்றார். சத்தம் அவர் நினைத்ததுபோல் இருக்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்ட வந்தார். பல மாதம் கழித்து, தானே கேட்டு, அனுமதிப்பத்திரம் எடுத்துக்கொண்டு வந்து கூயியைக் கையில் வாங்கினார். குறி நன்றாகத்தான் வைத்தார், ஆனால் சன்னமெல்லாம் பேணிக்குக் கீழே மண்ணில் போனது. விசையை அழுத்துகிற கணத்தில் அவருடைய தோளும் கண்ணிமையும் முன்கூட்டியே சுருங்கின. அதை அவரால் உணர முடியவில்லை.

அதற்கு ஒரு பழைய முறை உண்டு. சிநேகிதர் அங்காலே பார்த்துக்கொண்டு நிற்க, நான் துவக்குக்குள் ஒரு ரவையைப் போடுவேன், அல்லது சுட்டு முடிந்த வெறும் கோதைப் போடுவேன். எது உள்ளே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. குமிழை அவரே இழுப்பார், குறி பார்ப்பார், அழுத்துவார். வெறும் கோது என்றால் 'டிக்' என்ற சத்தம் மட்டும். அப்போது குழல் கீழே தாழ்வது அவர் கண்ணுக்கே தெரியும். வெடி இல்லை, உதைப்பு இல்லை, ஆனாலும் உடம்பு தாழ்கிறது. அதை ஒருமுறை கண்ட பிறகு அவர் கேட்டதெல்லாம் வெறும் கோதைத்தான். "இன்னொருக்கா வெறும் கோது போடு" என்பார். குழல் அசையாமல் நின்று 'டிக்' கேட்கும் வரைக்கும் அப்படியே பழகினார். ஒற்றை ரவைத் துவக்கில்தான் இந்தப் பயிற்சி இவ்வளவு சுலபம். கோது ஒன்று உள்ளே இருப்பதால் ஊசியும் குழலின் விளிம்பில் நேரே அடிபடாது. வெறும் துவக்கை அடிக்க வேண்டாம் என்று ரிம்ஃபயருக்குச் சொல்வது இதனால்தான்.

அவர் இப்போது நன்றாகச் சுடுகிறார். சத்தம் கேட்டால் அவருக்கு இன்னும் பழைய ஞாபகம் வருகிறதா என்று நான் கேட்டதில்லை.

ரவையைப் பற்றி ஒரு வார்த்தை. பெட்டியில் 'ஹை வெலோசிற்றி' என்று பெரிதாகப் போட்டிருப்பதை எங்கள் ஆட்கள் விரும்பி எடுக்கிறார்கள். எடுக்காதீர்கள். 'ஸ்ராண்டர்ட் வெலோசிற்றி' எடுங்கள். அதன் சன்னம் செக்கனுக்கு ஏறக்குறைய 325 மீற்றர் வேகத்தில் போகும், கோடைகாலத்தில் ஒலியின் வேகத்துக்குக் கொஞ்சம் கீழே. அதனால் ஆகாயத்தைக் கிழிக்கிற அந்தப் படார் சத்தம் வராது. வேகமான ரவை ஒலியைவிட வேகமாகப் புறப்பட்டு, வழியில் வேகம் குறைந்து ஒலியின் வேகத்தைக் கடக்கும்போது சன்னம் தளம்புகிறது. போட்டிக்காரர் எல்லாரும் மெதுவான ரவையைப் பாவிப்பது அதற்காகத்தான். மெதுவான சன்னம் கூடுதலாகத் தாழும், அது உண்மை. ஐம்பது யாருக்குக் குறி சரிசெய்த துவக்கில் நூறு யாரில் ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவாகத் தாழும். பேணி இருபத்தைந்து யாரில் இருக்கிறது. உங்களுக்கு அது ஒரு பொருட்டல்ல.

2013இல் .22 ரவையே கடைகளில் கிடைக்காமல் போன காலம் சிலருக்கு ஞாபகம் இருக்கும். அமெரிக்காவில் புதிய சட்டம் வரும் என்ற பயத்தில் ஆட்கள் அள்ளி அள்ளி வாங்க, இங்கேயும் தட்டுகள் வெறுமையாகின. அரைத் தானியங்கி வைத்திருந்தவர்கள் பாடு திண்டாட்டம். எங்கள் சுடுகளத்தில் ஒற்றை ரவைக்காரர்கள் ஐம்பது ரவைப் பெட்டி ஒன்றை வைத்துக்கொண்டு ஒரு பின்னேரம் முழுவதும் சந்தோசமாக இருந்தோம்.

ருகர் 10/22 வைத்திருப்பவர்கள் என்னோடு கோபிக்கக் கூடாது. 1964இல் வந்த நல்ல துவக்கு, உறுதியானது, உதிரிப்பாகம் எங்கும் கிடைக்கும். எனக்கு அதன்மேல் பகையில்லை. அதற்குள்ளும் ஒரு ரவை மட்டும் போட்டுச் சுடலாம். சுடுகிறார்களா என்பதுதான் கேள்வி.

வெளியிடத்தில் சுடுகிறவர்களுக்குப் பாதுகாப்பில் ஒன்றை மட்டும் திரும்பவும் சொல்கிறேன், ஏனென்றால் சின்ன ரவை என்று ஆட்கள் அலட்சியம் காட்டுகிறார்கள். ரவைப் பெட்டியிலேயே அச்சடித்திருக்கிறது, வாசியுங்கள்: ஒன்றரை மைல் தூரத்துக்கு ஆபத்து. ஒன்றரை மைல். பேணிக்குப் பின்னால் மண்மேடு இல்லாவிட்டால் சுடக் கூடாது. தண்ணீரைப் பார்த்துச் சுடவே கூடாது. ஈயச் சன்னம் தண்ணீரில் பட்டுத் தெறித்து எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. பாறையும் அப்படித்தான். போத்தல் வேண்டாம், கண்ணாடித் துண்டு காலங்காலமாக மண்ணில் கிடக்கும். விசையை அழுத்தியும் ரவை வெடிக்காவிட்டால், குழலை மண்மேட்டை நோக்கி வைத்தபடி ஒரு நிமிடம் நில்லுங்கள், பிறகு போல்ற்றைத் திறவுங்கள். ரிம்ஃபயரில் இது மற்ற ரவைகளைவிடக் கூடுதலாக நடக்கும். ஆறிப் பழகுங்கள். முடிந்ததும் பேணிகளையும் கோதுகளையும் பொறுக்கிக்கொண்டு வாருங்கள். சாப்பாட்டில் கை வைக்க முன்னம் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள், ஈயம் கையில் இருக்கும். சொந்தக் காணி இல்லாதவர்கள் கழகச் சுடுகளத்துக்குப் போங்கள். பண்ணைக் காணியென்றால் உரிமையாளரின் அனுமதியோடு, அந்த நகரசபையின் விதியையும் விசாரித்துக்கொண்டு போங்கள். விதி இடத்துக்கு இடம் வேறு.

கூயி எங்கே கிடைக்கும் என்று கேட்டு எழுதியிருந்தீர்கள். இப்போது செய்வதில்லை, பழையதுதான் கிடைக்கும். ஊர்ப்புறத்துத் துவக்குக் கடைகளில் மூலையில் நிற்கும். விற்கிறவர்கள் அதை மதிப்பதில்லை, அதிக விலையில்லாமல் வாங்கலாம். அனுமதிப்பத்திரத்தைக் காட்டிவிட்டு, போல்ற்றைக் கழற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். பின்பக்கத்தால் வெளிச்சம் விட்டுக் குழலைப் பாருங்கள். புரிகள் தெளிவாகச் சுற்றிப் போக வேண்டும். ரவை இருக்கும் வாயின் விளிம்பில் ஊசி அடித்த பள்ளம் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் ரவை இறுகும், விட்டுவிடுங்கள். குமிழைப் பின்னுக்கு இழுத்து மெதுவாகத் தட்டிப் பாருங்கள், நழுவக் கூடாது. மரக்கட்டையில் கீறல் இருந்தால் பரவாயில்லை. கறள் மேலாகப் பிடித்திருந்தாலும் பரவாயில்லை, எண்ணெயும் மெல்லிய இரும்புத் தும்பும் போதும். குழல் நன்றாக இருந்தால் விலை பேசிக்கொண்டு நிற்க வேண்டாம். வாங்கிவிடுங்கள்.